நாலாவது வரியில் நின்ற திருடன்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்லக்கூடியதில் பாதி உங்களுக்கே தெரியும். மீதியை உங்கள் கையிலிருக்கும் போனைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்லும். லேப்டாப்பில் வைஃபை வராவிட்டால் எங்கே தட்ட வேண்டும், எதை அணைத்துப் போட வேண்டும் என்று பத்தாவது படித்த நான் உங்களுக்கு வகுப்பெடுக்கப் போவதில்லை. அந்த தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு திருடனைப் பற்றி. அவனைக் கண்டுபிடித்தவன் நான்தான். விவகாரம் கொளஞ்சியப்பர் சன்னிதி வரைக்கும் போனதும் என்னால்தான்.

கடையை மகனிடம் விடுவதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. பாலக்கரைப் பக்கம் கம்ப்யூட்டரும் நெட்டும் ரிப்பேர் பார்க்கும் ஒரு ஷட்டர் கடை. காலையில் சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவேன். சிரிக்காதீர்கள். நீங்கள் எழுந்ததும் போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதானே. சின்ன வயசில் பீங்கான் பட்டறையில் சூளைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. சூளை ஆறுகிறவரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு உள்ளே இருக்கும் சாமானெல்லாம் விரிசல் விட்டுவிடும். அந்தப் பாடத்தைச் சூளையில் கற்றுக்கொண்டேன். வாய்க்கும் அது பொருந்தும் என்று தெரிய முப்பது வருஷம் ஆனது.

எங்கள் பக்கம் பொம்மைப் பட்டறையில் வேலை பார்க்கும் விசாலாட்சி ஒருநாள் போன் செய்தாள். பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வைக்கிற வேலை அவளுக்கு. மயிரிழை பிரஷ்ஷை எடுத்து ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பொம்மைகளுக்குக் கண் திறந்துவிடுவாள். அவள் வீட்டில் ரவுட்டர் மாட்டியதே நான்தான்.

"அண்ணே, மருமவ பொட்டி நெட்டைப் புடிக்க மாட்டேங்குது. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்குது. சீக்கிரம் வாங்க, பொண்ணு அழுவுது."

போனேன். மருமகள் நித்யாவுக்கு மெடிக்கல் கோடிங் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லித்தான் சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்திருந்தது. இன்னும் வேலை உறுதியாகவில்லை. பத்து மாதக் குழந்தை. புருஷன் லாரியில் ஆந்திரா பக்கம் போனால் வர பத்து நாள் ஆகும்.

"பாஸ்வேர்டு சரியாத்தான் சார் போடறன், தப்புன்னு சொல்லுது. போன மாசம் வேற ரெண்டு தடவ கட்டாயிடுச்சு. இப்பிடியே போனா சென்னைக்கு வந்து ஆபீஸ்லயே உக்காந்து வேல பாருங்கன்னுட்டாங்க. கைக்கொழந்தைய உட்டுட்டு நான் எப்பிடிப் போவன்?"

"கொழந்த எங்கம்மா, காணோம்?"

"அந்தோணியம்மா அக்கா வூட்டுல. காலையில எட்டரைக்கு மதிலுக்கு மேல குடுப்பன், சாயங்காலம் ஆறு மணிக்கு மதிலுக்கு மேல வாங்கிக்குவன்."

பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு மதில். விசாலாட்சி எட்டு மணிக்கே பட்டறைக்குப் போய்விடுவாள். அந்த மதிலும் அந்தோணியம்மாவின் மடியும் இல்லாவிட்டால் நித்யாவுக்கு வேலை இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

லேப்டாப் பாஸ்வேர்டைத் தப்பாகப் பதிந்துவைத்துக்கொண்டு அடம் பிடித்தது. அதை மறக்கவைத்துப் புதிதாகச் சேர்த்தேன். பத்து நிமிஷ வேலை. அதோடு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் பத்து நிமிஷத்தில் முடிந்த வேலைக்கு மரியாதை குறைவு, உங்களுக்கே தெரியும். கொஞ்சம் வித்தை காட்டினால்தான் "அண்ணன் கெட்டிக்காரரு" என்பார்கள். அதனால் ரவுட்டருக்குள் போய், அந்த வீட்டு நெட்டில் அந்த நேரத்தில் எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து காட்டினேன்.

"பாருங்க, ஒண்ணாவது லேப்டாப்பு. ரெண்டாவது நித்யா போனு. மூணாவது உங்க டிவி. நாலாவது…"

நாலாவது வரியில் பெயரில்லை. வெறும் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீளச் சரம். விசாலாட்சி வைத்திருப்பது பட்டன் போன். அந்த வீட்டில் வேறு பொருள் எதுவும் கிடையாது.

"நாலாவது யாருண்ணே?"

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வேடிக்கையாகத்தான் சொன்னேன். "உங்க வூட்டு நெட்டுல யாரோ வாடகை குடுக்காம குடியிருக்காங்கம்மா."

"திருட்டா?"

"பேரு போடாம வந்திருக்கான். நல்லவனா இருந்தா பேரு போட்டுக்கிட்டு வருவான் இல்ல?"

விசாலாட்சி சிரிக்கவில்லை. அவள் கண் ஒருதரம் மதில் பக்கம் போய்த் திரும்பியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டீயைக் குடித்தேன். பெரிய மனசோடு பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்து, சரியாக வருகிறதா என்று என் போனிலும் போட்டுப் பார்த்துவிட்டு, "இனி ஒரு பய உள்ள வர முடியாது" என்று சொல்லிக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் எனக்குச் சரியில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே கடைவாய்ப் பல்லில் வலி. புதன்கிழமை ஸ்கூட்டர் டயர் பஞ்சர். ஒட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் வியாழக்கிழமை அதே டயர் மறுபடியும். வயசு, ரோடு, ஆணி என்று நினைத்துக்கொண்டு கிராம்பை மென்றபடி வேலை பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் நித்யா போன் செய்தாள்.

"சார், நாலு நாளா நெட்டு விட்டு விட்டு வருது. இன்னிக்கு மட்டும் ரெண்டு தடவ போயிடுச்சு. திங்கக்கெழம முழு நாளும் கட்டாவாம இருந்தாத்தான் வூட்லேர்ந்து வேல, இல்லன்னா அடுத்த வாரமே கெளம்பி வாங்கன்னு சொல்லிட்டாங்க சார்."

தெருவில் குழாய் போடப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். ஸ்கூட்டரைத் தெருக்கோடியில் வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து போனேன். உள்ளே நித்யா ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் தூளிக் கயிறு. தூளிக்குள் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"பக்கத்து வூட்ல குடுக்கலியாம்மா?"

நித்யா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "குடுக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க சார்."

அன்றைக்குப் பட்டறை அரை நாள். விசாலாட்சி வீட்டில்தான் இருந்தாள். நான் ரவுட்டரைத் தேடினேன். வைத்த இடத்தில், கூடத்து அலமாரியில், ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா கவிழ்த்துக் கிடந்தது. அதற்கடியிலிருந்து ஒரு ஒயர் வால் மாதிரி எட்டிப் பார்த்தது.

அண்டாவைத் தூக்கினேன். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது.

"என்னம்மா இது?"

"அந்தாண்ட போவக்கூடாதுன்னுதான் மூடி வச்சன். பாஸ்வேர்ட மாத்தினாலும் கம்ப்யூட்டரு படிச்ச பக்கத்து வூட்டுப் பய ஒடச்சிட மாட்டானா? டவரே மதில தாண்டலைன்னா எப்பிடித் திருடுவான்?"

தம்பிகளே, இரும்புப் பீரோவும் எவர்சில்வர் அண்டாவும் வைஃபைக்கு எமன் என்று நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். விசாலாட்சி எந்தப் புத்தகமும் படிக்காமலேயே கண்டுபிடித்திருந்தாள். என்ன, மதிலைத் தாண்டி அலை போகக் கூடாது என்று மூடினாள், மருமகள் அறைக்கே போகவில்லை.

அண்டா போனதும் லேப்டாப் சரியாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம் என்று இருந்தேன். அப்போது அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டன் அண்ணே. திங்கக்கெழம."

கையிலிருந்த அண்டாவைத் தரையில் வைத்தேன்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பர் எங்கள் பக்கத்துக்கு நீதிபதி மாதிரி. அநியாயம் நடந்துவிட்டது என்றால் ஒரு தாளில் முறையாகப் பிராது எழுதி, சாமி காலடியில் வைத்து, முனியப்பர் சன்னிதியில் இருக்கும் வேலில் கட்டிவிடுவோம். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவர் பாடு. விவகாரம் தீர்ந்துவிட்டால், இல்லை, நாம்தான் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால், போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் வழக்கு நடந்துகொண்டே இருக்கும்.

"அந்தோணியம்மா பேர எழுதிட்டியாம்மா?"

"அவங்க மவன் ஜெரோம் பேரத்தான் எழுதப் போனன். கொழந்தைக்குப் பேரு வச்ச அன்னிக்குப் போட்டோ அனுப்பணும்னு அவன்தான நம்ம பாஸ்வேர்ட வாங்கினான்." அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "ஆனா எழுத கை வரல. பேச்சை மட்டும் நிறுத்திட்டன். பிராதுல, 'எங்கள் வீட்டு நெட்டில் பெயர் சொல்லாமல் நுழைந்தவர் யாராக இருந்தாலும் தாங்களே பார்த்துக்கொள்ளவும்'னு எழுதிக் கட்டிட்டன்."

"சரி, அந்தத் திருடன் போயிட்டானா, பாத்துச் சொல்லுங்க" என்றாள். பட்டியலைத் திறந்தேன். லேப்டாப். நித்யாவின் போன். டிவி. நாலாவது வரி. அதே சரம்.

"இருக்குதா?"

"இருக்குது" என்றேன்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? நான் சொல்லல? புது பாஸ்வேர்டயும் ஒடச்சிட்டான்!"

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புது பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவள், நித்யா, நான். மூன்று பேரில் யாரும் திருடனில்லை. அப்படியானால் உடைத்திருக்க வேண்டும். உடைக்கத் தெரிந்தவன் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். கணக்கு அழகாக வந்தது. இப்படி அழகாக வருகிற கணக்கைக் கண்டால்தான் பயப்பட வேண்டும் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜெரோமைக் கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடலாமா என்றுகூட வாய்வரை வந்தது. பல்வலி என்னைக் காப்பாற்றியது. வாயைத் திறக்கவே முடியவில்லை. பையில் கிராம்புத் தைலம் இருந்தது, பை ஸ்கூட்டரில். எடுத்து வர வேப்ப மரம்வரை போய்த் திரும்பினேன்.

திரும்பி வந்தபோது விசாலாட்சி அடுப்படிக்குப் போயிருந்தாள். நித்யா ஒரு மாதிரி என்னைப் பார்த்தாள்.

"சார், இன்னொரு தடவ அந்த வேப்ப மரம் வரைக்கும் போயிட்டு வரீங்களா?"

"எதுக்கும்மா?"

"சும்மா சார். போயிட்டு வாங்க."

வெயிலில் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு பிரதட்சிணம் மாதிரி போய் வந்தேன்.

"இப்ப போன மட்டும் வாசப்படியில வச்சிட்டு அணைச்சிடுங்க. நீங்க உள்ள வாங்க."

அணைத்துவிட்டு உள்ளே போனேன். நித்யா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். மூன்றே வரி.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க வெளிய போனா திருடனும் போயிடறான் சார். நீங்க உள்ள வந்தா அவனும் வந்துடறான். போன அணைச்சா அவன் செத்துப் போயிடறான்."

வாசல்படிக்குப் போய் என் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதில் வித்தை ஒன்றுமில்லை. ரவுட்டர் மாட்டிய அன்றைக்கே என் போனில் அந்த வீட்டுப் பாஸ்வேர்டு ஏறிவிட்டது. நான் வாசலில் கால் வைத்ததும் அது தானாகச் சேர்ந்துகொள்ளும். இப்போது வருகிற போன்கள் சொந்த எண்ணைக் காட்டாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேஷ எண் போட்டுக்கொள்ளும். அதனால்தான் பெயரில்லை. பாஸ்வேர்டை மாற்றிய பிறகு புதியதையும் சோதிக்கிறேன் பேர்வழி என்று நானே என் போனில் போட்டேன். பூட்டையும் மாற்றிச் சாவியையும் திருடன் சட்டைப் பையில் போட்டு அனுப்பியவன் நான். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா என்றால், தெரியும். அடுத்தவர் வீட்டில் கேட்டிருந்தால் கால் மணி நேரம் விளக்கியிருப்பேன்.

"அத்தைகிட்ட நான் சொல்ல மாட்டன் சார். நான் சொன்னா பக்கத்து வூட்டுக்குச் சப்போர்ட் பண்றன்னு நெனைப்பாங்க. நீங்களா சொன்னாத்தான் நம்புவாங்க" என்றாள் நித்யா. சொல்லிவிட்டுத் தூளியை ஆட்டப் போய்விட்டாள்.

அந்த இரண்டு நிமிஷம்தான் என் முப்பது வருஷத் தொழிலிலேயே கஷ்டமான நேரம். என் போனிலிருந்து அந்த வீட்டு நெட்டை அழித்துவிட்டால் நாலாவது வரி இனி வரவே வராது. "திருடனை விரட்டிட்டன்மா" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அண்டா போய்விட்டது, திங்கட்கிழமை நெட்டு ஒழுங்காக வரும். கெட்டிக்காரன் பெயர் அப்படியே நிற்கும். ஆனால் குழந்தை தூளியில்தான் இருக்கும். ஒரு கையால் தட்டிக்கொண்டே நித்யா எத்தனை நாள் தாக்குப் பிடிப்பாள்? லேப்டாப்பைச் சரி செய்துவிட்டு வேலையைக் கெடுத்தவன் ஆகிவிடுவேன். அதோடு வேலில் ஒரு தாள் கட்டியிருக்கிறது. அதில் எழுதியிருப்பது யாரைப் பற்றி என்று எனக்குத் தெரியும், கொளஞ்சியப்பருக்கும் தெரியும்.

அடுப்படி வாசலில் நின்று சொன்னேன். முழுசாகச் சொன்னேன். விசாலாட்சி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் முகம் பயத்தில் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! அப்ப பிராது உங்க மேலயா அண்ணே?"

"அப்பிடித்தான்மா இருக்குது."

"கன்னம் வீங்கியிருக்குதே, எப்பலேர்ந்து?"

"செவ்வாக்கெழமலேர்ந்து."

"நான் திங்கக்கெழம கட்டினன்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வேற எதனா ஆச்சா?"

"டயரு ரெண்டு தடவ பஞ்சரு."

"கொளஞ்சியப்பா, தெரியாம பண்ணிட்டன், இந்த மனுசன ஒண்ணும் பண்ணிடாத!" என்று மணவாளநல்லூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். வீங்காத பக்கம்.

பக்கத்து வீட்டுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. "நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவன்?" என்றாள். வாயால் கெடுத்தவன் நான், நான்தானே போக வேண்டும்? தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். அந்தோணியம்மா கொல்லைப்புறத்தில், மதிலை ஒட்டி உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாங்க சார். எங்க வூட்ல எந்தப் பொட்டியும் கெட்டுப் போவலியே."

"கெட்டுப் போனது என் வாய்தாங்க."

நின்றபடியே சொன்னேன். செதிலைச் சுரண்டுகிற சத்தம் நின்றது.

"அஞ்சு நாளா அந்தக் கொழந்த அழுவுறது இங்க கேக்குது சார். எழுந்து மதில் வரைக்கும் போவன். கையத் தூக்குவன். அப்புறம் திரும்பி வந்து உக்காந்துக்குவன்." கத்தியைத் தட்டில் வைத்தாள். "என்ன திருடின்னு நெனச்சதுகூடப் பரவால்ல. விசாலாட்சிக்குக் கோவம் வந்தா அப்பிடித்தான், எனக்குத் தெரியும். ஆனா நெட்டத் திருடறாங்கன்னு மதிலுக்கு அந்தாண்ட பேசினது காதுல வுழுந்ததும், ஜெரோம் தூங்கறப்ப அவன் போன எடுத்து நானே பாத்தன் சார். ஒண்ணும் புரியல, இருந்தாலும் பாத்தன். பெத்த புள்ளைய சந்தேகப்பட்டன். அதுக்கு நீங்க எந்தச் சாமிகிட்ட போவீங்க?"

"தப்புதாங்க" என்றேன்.

அந்த நேரம் மதிலுக்கு மேல் முதலில் இரண்டு குட்டிக் கால் தெரிந்தது. அப்புறம் கொலுசு, அப்புறம் குழந்தை முழுசாக. முகத்தைக் காட்டாமல் குனிந்து தூக்கிப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது, நகக்கண்ணில் நீலப் பெயின்ட். குழந்தை அந்தோணியம்மாவைப் பார்த்துக் காலை உதைத்தது.

"இருடி, மீன் கையோட எப்பிடித் தூக்கறது!" என்று அந்தோணியம்மா குழாயடிக்கு ஓடினாள். "விசாலாட்சி, கீழ போட்டுடாத, புடிச்சிக்கிட்டே இரு! சோப்பு போட்டுக்கிட்டு வந்துடறன்!"

"மெதுவா வாக்கா, நான் எங்கயும் போவல" என்றது மதில்.

கை கழுவி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டபோது அந்தோணியம்மா கேட்ட முதல் கேள்வி, "பிராதுல என் பேரு இருக்குதா?"

"இல்லக்கா. எழுத கை வரல."

"ஜெரோம் பேரு?"

"அதுவும் வரல."

"அப்ப யாரு பேருதான் இருக்குது?"

மதிலுக்கு அந்தப் பக்கம் விசாலாட்சி நிமிர்ந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராஜினாமா கொடுக்க விசாலாட்சியும் நானும் போவதாகப் பேச்சு. "மாதா கோயில்ல காலைப் பூசை முடிஞ்சதும் நானும் வரன்" என்றாள் அந்தோணியம்மா. "என்னப் பத்தி நெனச்சிக் கட்டின பிராது. கேஸு முடியறப்ப நான் இருக்க வேணாமா?" அப்படியே கோயிலிலிருந்து கோயிலுக்கு, இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். விசாலாட்சி ராஜினாமா எழுதும்போது எட்டிப் பார்த்து, "குற்றவாளி நேர்ல ஆஜர்னு எழுது" என்று என்னைக் காட்டிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முனியப்பர் முன்னால் நின்று, அடுத்தவர் வீட்டில் தெரியாததைத் தெரிந்த மாதிரி இனிப் பேச மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

ராஜினாமா கொடுத்ததும் பல்வலி நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. பல்லைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. சாமி பிராதைத் திருப்பிக் கொடுத்தார், பல்லைக் கொடுக்கவில்லை. அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

திங்கட்கிழமை எட்டரைக்குக் குழந்தை மதிலைத் தாண்டியது. நித்யாவின் லேப்டாப் காலையிலிருந்து ஷிப்டு முடியும்வரை ஒரு நொடிகூட அறுபடவில்லை. அடுத்த மாதம் வேலையை உறுதி செய்து கடிதம் வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று போட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை விசாலாட்சி மதிலுக்கு மேலேயே நீட்டியிருக்கிறாள், அந்தோணியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்க்க.

நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். பட்டியலில் பெயரில்லாத வரி வந்தால் அது என்ன என்று உங்களுக்கு ஆயிரம் வழியில் கண்டுபிடிக்கத் தெரியும். நான் சொல்வது ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்கும் முன்னால் "திருடன்" என்ற வார்த்தையை அந்த வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நமக்கு அது டீ குடிக்கும்போது சொல்கிற வேடிக்கை. நாம் போன பிறகு அந்த வீட்டில் அது மதிலைத் தாண்டும், வேலில் கட்டப்படும், தூங்குகிற பிள்ளையின் போனை எடுத்துப் பார்க்கவைக்கும். ஆளைச் சொல்லும் முன்னால் உங்களையே எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு மேல் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை விடும்போதே போனையும் அணைத்துவிடுவது என் வழக்கம்.

விசாலாட்சி வீட்டில் மட்டும் அணைப்பதில்லை. அணைக்கக் கூடாது என்று நித்யாவின் உத்தரவு. ரவுட்டரில் அந்த நாலாவது வரிக்கு அவளே ஒரு பெயர் வைத்துவிட்டாள். கடையை விட்ட பிறகும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். நான் வாசலில் செருப்பைக்கூட விட்டிருக்க மாட்டேன். உள்ளே திரையைப் பார்த்தபடியே குரல் கொடுப்பாள்.

"அத்தை, திருடன் வந்துட்டாரு. டீ போடுங்க."